நேராக நின்ற ஒரே வரன்

ஜூலை 21, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இந்த மாதம் யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள், மாப்பிள்ளை பார்க்கவும் வரமாட்டார்கள். எங்கள் மையத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது இப்போதுதான். சாமியப்பன் அண்ணன் காலையிலேயே என் மேஜைக்கு வந்து, ஆவணி பிறப்பதற்குள் வெப்சைட் பறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரோட்டில் திருமணத் தகவல் மையம் நடத்துகிற அவருக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள், போன் எடுக்கிற ஆள், அவசரத்துக்கு டீ வாங்கப் போகிற ஆள்.

தளம் ஊர்ந்துதான் போகிறது, மறுப்பதற்கில்லை. பெண் வீட்டார் வரன்கள் பக்கத்தைத் திறந்தால் பெயர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் உடனே வந்துவிடும். முகம் மட்டும் வராது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் இருக்கும். மேலே இருக்கும் இரண்டு மூன்று பேர் தெரிவதற்குள் அவர்களுக்குப் பொறுமை போய்விடும். போனில் எடுத்த படத்தை எடை குறைக்காமல் அப்படியே ஏற்றினால் இந்தக் கதிதான்.

அந்தச் சாம்பல் கட்டங்களில் ஒன்று என்னுடையது. நவநீதன், வயது முப்பத்தாறு, பவானி, தனியார் நிறுவனத்தில் கணினிப் பணி. நிறுவனத்தின் பெயரைப் போட அண்ணன் விடவில்லை. நம் ஆபீஸ் பையனுக்கே பெண் அமையவில்லை என்று தெரிந்தால் எவன் நம்மிடம் வருவான் என்றார். நியாயம்தான்.

இத்தனை வருஷத்தில் என்னைக் கேட்டு ஒரு போன்கூட வந்ததில்லை. படம் வந்தால்தானே பார்ப்பார்கள், பார்த்தால்தானே கேட்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் சௌகரியமாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

நாள் முழுக்க மாப்பிள்ளைகளை இளைக்க வைத்தேன். படத்தில் கண்ணுக்குத் தெரியாததை எடுத்து எறிய வேண்டும், தெரிவது கெடக் கூடாது. தரத்தை எழுபத்தைந்தில் வைத்தால் முகம் அப்படியே இருக்கிறது. அறுபதுக்கு இறக்கினால் திருநீறு கரைந்து நெற்றியோடு போய்விடுகிறது. ஐம்பதில் மீசையும் உதடும் ஒன்றாகிவிட்டன. திருநீறு இல்லாவிட்டால் பெண் வீட்டில் வேறு மாதிரி நினைப்பார்கள் என்பதால் எழுபத்தைந்திலேயே நிறுத்தினேன். இந்தக் காரணத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எத்தனை விதமான ஆட்கள். ஒருவர் டிராக்டரில் சாய்ந்திருக்கிறார். ஒருவர் கோழிப்பண்ணை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒருவர் யாருடைய கல்யாணத்திலோ வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். படத்திலிருந்து வெட்டி எடுத்த நண்பனின் கை மட்டும் இன்னும் அவர் தோளிலேயே இருக்கிறது. எல்லாம் போனில் எடுத்தவை. என் படம் மட்டும் பவானி ஸ்டுடியோவில் எடுத்தது. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்திருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். வேலை நடக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. புதுப் பெண்கள் ஈரப் புடவையோடு தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள, புதுப் புருஷன்கள் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா ஆற்றில் காதோலை கருகமணி விட்டுவிட்டு ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்க வேண்டியதில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பெண் கிடைத்தவர்கள்மேல் அல்ல, செருப்பைக் காவல் காக்கச் சொல்ல ஆள் இருந்தவர்கள்மேல். வீட்டுக்கு வந்து சித்திரான்னம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முடித்துவிட்டேன். எல்லாப் படங்களையும் மொத்தமாக ஓடவிட்டேன். படத்துக்குள் மறைவாக இருக்கும் விவரங்கள், எந்தப் போன், எந்த நாள், எந்த இடம் என்பதையெல்லாம் துடைத்து எறிந்தேன். அதிலும் கொஞ்சம் எடை குறையும், யார் வீடு எங்கே என்பதும் வெளியே போகாது. பிறகு இன்னொரு வேலையும் செய்தேன். ஒருமுறை பார்த்த படத்தைப் போன் தன்னிடமே ஒரு வருஷம் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். அடுத்த முறை அது எங்களிடம் கேட்காது, தன்னிடம் இருப்பதையே காட்டிவிடும். இரண்டாம் முறை திறந்தால் பக்கம் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும்.

என் போனில் திறந்து பார்த்தேன். தொட்டவுடனே என் முகம் வந்துவிட்டது. ஸ்டுடியோவின் நீலத் திரை, சிரிப்பு எல்லாம் அப்படியே. மனசுக்கு இதமாக இருந்தது, பொய் சொல்வானேன். இனி பார்ப்பார்கள்.

அண்ணன் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினார். ஆவணிக்கு முன்னால் வந்துவிடுவாராம். தளம் பறக்கிறது என்றதும் முதுகில் தட்டினார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் காங்கேயத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, என்னப்பா மாப்பிள்ளைகள் எல்லாரும் படுத்துக் கிடக்கிறார்கள் என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் நிஜம். டிராக்டர் செங்குத்தாக நிற்கிறது. கோழிப்பண்ணைக்காரர் பக்கவாட்டில் படுத்திருக்கிறார். போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. போன் படத்தை எப்போதும் படுக்கையாகத்தான் சேமிக்கும். 'இதை நிமிர்த்திக் காட்டு' என்று உள்ளே ஒரு குறிப்பு வைத்திருக்கும். மறைவான விவரம் என்று நான் துடைத்து எறிந்ததில் அந்தக் குறிப்பும் போய்விட்டது. இது கற்றுக்குட்டி செய்கிற தப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டுடியோ படம் என்பதால் என்னுடையது மட்டும் நேராக நிற்கிறது. வேறு சில ஸ்டுடியோ படங்களும் நிற்கின்றன. ஆனால் அவை வேறு வயதுக்காரர்களுடையவை, வேறு பக்கங்களில் இருக்கின்றன. என் வயதுக்குப் பொருத்தமான பக்கத்தைத் திறந்தால் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் நிற்கிறேன்.

மூலப் படங்கள் தனியாகப் பத்திரமாக இருக்கின்றன. மறுபடியும் ஓடவிட்டால் சரியாகிவிடும். இன்று கரண்ட் விட்டுவிட்டு வருகிறது, நாளைக்குச் செய்துகொள்ளலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று வேறு வேலை வந்துவிட்டது.

இன்று ஒரு போன். சென்னிமலையிலிருந்து அர்த்தநாரி என்றார். பேச்சில் வயதும் மரியாதையும் இருந்தன. மகள் கோகிலவாணிக்குப் பார்க்கிறார். மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். எந்த வரனைப் பற்றிக் கேட்கிறீர்கள், எண் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு எண் தெரியவில்லை.

"நெட்டுக்க நிக்கறானுங்களே ஒரு பையன், அவனுங்க. மத்ததெல்லாம் படுத்துக் கெடக்குது. பொண்ணுக்குப் பாக்கறப்ப படுத்துக் கெடக்கறவனை எப்படிங்க கேக்கறது? அத்தனை பேருக்கு நடுவுல ஒருத்தனை மட்டும் சாமி எனக்கு நிக்க வெச்சுக் காட்டீருக்குதுங்க."

 படம் ஏற்றியதில் தப்பு நடந்துவிட்டதுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், இந்தப் பையனைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். நல்ல பையன் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எல்லாப் படங்களையும் நிமிர்த்தி ஏற்றிவிட்டேன். இன்று புதிதாகத் திறக்கிறவர்களுக்கு எல்லாரும் நேராகத் தெரிவார்கள்.

முன்பே பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் போன் பழைய படத்தை வைத்துக்கொண்டிருக்கும், ஒரு வருஷம் வைத்துக்கொள் என்று நான்தானே சொன்னேன். படங்களின் பெயரை மாற்றினால் போதும், எல்லாப் போனும் புதிதென்று நினைத்து மறுபடி கேட்கும். ஆனால் பெயர் மாற்றுவது பெரிய வேலை. அவசரப்பட்டால் வேறு ஏதாவது கெடும். ஒரு தப்பு போதாதா. மெதுவாகச் செய்யலாம்.

அம்மாவுக்கு அர்த்தநாரி போன் செய்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போனபோது அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு வெளிச்சம். "வந்துருச்சு கண்ணு" என்றார். 

ஆகஸ்ட் 20, புதன்

ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம். சட்டை தைக்க நேரமில்லை, ரெடிமேட்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா, பெரியப்பா, நான் மூன்று பேரும் சென்னிமலை போய் வந்தோம். சின்ன வீடு, சுத்தமான வீடு. அர்த்தநாரி என்னைப் பார்த்தவுடன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நின்ற பையன் இவன்தான் என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்து வைத்தார். எனக்கு வேலை எங்கே என்று கேட்டதற்கு, ஈரோட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று அவரே சொல்லிவிட்டார். அர்த்தநாரி தன் போனைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். அதில் இன்னும் மற்றவர்கள் படுத்துத்தான் கிடந்தார்கள். செப்டம்பர் ஐந்தாம் தேதி குலதெய்வக் கோயிலில் பூக் கேட்பதாகச் சொன்னார். சாமி தலையில் பூ வைப்பார்களாம், வலப்பக்கம் விழுந்தால் நிச்சயம். ஏற்கெனவே ஒரு தடவை சொன்ன சாமி மறுபடி மாற்றிச் சொல்லாது என்றார்.

எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். கோகிலவாணி படத்தில் இருப்பதைவிடக் கறுப்பு, படத்தில் இருப்பதைவிட அழகு. அவள் படத்தையும் நான்தான் எடை குறைத்தேன், அப்போது கவனிக்கவில்லை. எப்படிக் கவனிக்காமல் போனேனோ. கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே பேசினாள். பிளஸ் டூ பிள்ளைகள் படுத்தும் பாட்டைச் சொன்னாள். நானும் சிரித்தேன், ஸ்டுடியோவில் சிரித்த மாதிரி இல்லை.

பிறகு கேட்டாள். "அந்தத் தகவல் மையத்துல கம்ப்யூட்டர் வேலை யாருங்க பாக்கறாங்க, உங்களுக்குத் தெரியுங்களா?"

"யாரோ ஒரு பையன் இருக்கானுங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டை உதறி மடித்தாள். கீழே இருந்து காபிக்குக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. எழுதிவிடுகிறேன். ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அண்ணன் பிடித்துக்கொண்டார். அவர் போனில் இன்னும் படங்கள் படுத்திருக்கின்றனவாம். பதிவு செய்தவர்களும் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார்களாம். அவர் போனை வாங்கி, உள்ளே சேர்த்து வைத்திருந்ததை அழித்துக் கொடுத்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்படியென்றால் எல்லாருக்கும் இதையே செய் என்றார்.

அதைத்தான் மதியம் முழுக்கச் செய்தேன். புகார் சொன்ன ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, செட்டிங்ஸைத் திறங்கள், கீழே வாருங்கள், அதைத் தொடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். பாதிப் பேருக்கு அப்படி ஒரு இடம் போனில் இருப்பதே தெரியவில்லை. தொண்டை கட்டிவிட்டது. பெயர் மாற்றியிருந்தால் அரை மணி வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சரியாகச் சோதித்துப் பார்த்துச் செய்ய வேண்டும். ஐந்தாம் தேதிக்குப் பிறகு நிதானமாகச் செய்துவிடலாம்.

சென்னிமலையிலிருந்து புகார் எதுவும் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நேரில் வந்தார். கையில் போனை முந்தானைக்குள் பொத்திப் பிடித்திருந்தார். அந்தக் கோழிப்பண்ணைக்காரரின் அம்மா. அண்ணன் உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் என்னிடம் வந்து உட்கார்ந்தார். போனை என் முன்னால் வைத்தார். மகன் பக்கவாட்டில் கிடந்தான்.

"எம்பையனைப் படுக்க வெச்சுட்டீங்களே சாமி. அவங்கப்பனை இப்படிப் போட்டு வெச்சுத்தான் நான் கடைசியாப் பாத்தது. பொண்ணூட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். எங்கள் அம்மா வயசுதான் இருக்கும், கண்ணில் அதே மாதிரி சொட்டு மருந்து விட்டிருந்தார். செட்டிங்ஸைத் திறங்கள் என்று ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். அவரை உட்கார வைத்துவிட்டு என் கம்ப்யூட்டருக்குத் திரும்பினேன். எல்லாப் படங்களின் பெயரையும் மாற்றினேன். பயந்த மாதிரி எதுவும் கெடவில்லை. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த அம்மாவின் போனில் பக்கத்தை மறுபடி திறந்து காட்டினேன். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் தலையில் கையை வைத்து, நல்லா இருப்பே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எவ்வளவு கேவலமானவன் என்று அவருக்குத் தெரியாது. சென்னிமலையில் அந்தப் பக்கத்தை அவர்கள் இனித் திறக்கப் போவதில்லை, ஏன் திறக்கிறார்கள், பையனைத்தான் நேரிலேயே பார்த்துவிட்டார்களே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

திறந்துவிட்டார்கள். பூக் கேட்கப் போகும் முன் பங்காளிகளுக்கு மாப்பிள்ளையைக் காட்டுவதற்காக அர்த்தநாரி போனை எடுத்திருக்கிறார். அதில் எல்லா வரன்களும் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

மையத்துக்குத்தான் கூப்பிட்டார். நான் பாங்க் வரை போயிருந்தேன், அண்ணன் எடுத்திருக்கிறார். அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் பற்றி எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை, நிச்சயமானதும் சொல்லலாம் என்று இருந்தேன். பெருமையாக விளக்கியிருக்கிறார்: படம் ஏற்றியதில் ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது, இப்போது சரி செய்துவிட்டோம், எங்கள் நவநீதன்தான் எல்லாம் பார்க்கிறான், கெட்டிக்காரன். எந்த நவநீதன் என்று கேட்டிருக்கிறார் அர்த்தநாரி. பவானிப் பையன், அவன் ஜாதகம்கூட நம் தளத்திலேயே இருக்கிறது, நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றாராம் அண்ணன், வெளியே தெரியக் கூடாது என்று தானே சொன்னதை மறந்து.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். லைன் கட் ஆகிவிட்டது போல என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

செப்டம்பர் 5, வெள்ளி

பூக் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் கோகிலவாணி கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தப் படங்கள் ஏன் சாய்ந்தன என்று முதல் நாளே தனக்குத் தெரியும் என்றாள். பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா. ஆவணி பிறந்த கையோடு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தாளாம், எல்லாரும் நேராக நின்றிருக்கிறார்கள். அப்பா போனில் மட்டும் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். யாரோ படங்களின் பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டதாம். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களைப் புடிச்சிருந்துச்சுங்க. அப்பாவே ஒத்துக்கிட்டு வர்றப்ப நான் எதுக்குக் கெடுக்கோணும்னு இருந்துட்டேன்."

மாடியில் பேசியதை அவளே எடுத்தாள்.

"மாடியில நான் கேட்டனல்லங்க. அது நீங்கதான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. நாந்தாங்க, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லீருந்தா நான் அப்பாகிட்ட பேசியிருப்பேன். அவரு திட்டுவாரு, ஒரு வாரம் பேசமாட்டாரு, அப்புறம் சரின்னுருவாரு. இப்ப என்னங்க சொல்றது? சாமி பேரைச் சொல்லி ஏமாத்திட்டான்னு அழுவுறாரு."

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றேன்.

"முதல்ல சாஞ்சது தெரியாமத்தான், அது எனக்குத் தெரியுங்க. அதுக்கப்புறம்?"

 நேரில் வந்து அப்பாவின் காலில் விழட்டுமா என்று கேட்டேன். கோபியில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள், அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார் என்றாள். சம்மதமா என்று கேட்டேன்.  தன் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். இன்றே எடுத்துவிடுகிறேன் என்றேன். மணி அடித்தது, வைத்துவிட்டாள்.

படத்தை எடுத்தேன். எல்லா அளவிலும் எடுத்தேன், பட்டியலுக்கான சின்னது, பக்கத்துக்கான பெரியது, மூலப் படம். அண்ணன் எட்டிப் பார்த்து, இப்போது எவ்வளவு வேகமாக வருகிறது பார்த்தாயா என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலிகள் கேட்டு வாங்கி வந்து வாசலில் வரிசையாகப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பூக் கேட்பதைத் தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள், எப்படியும் புரட்டாசிக்கு முன்னால் வீடு பார்க்க வந்துவிடுவார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, ஏதாவது சொன்னாங்களா கண்ணு என்று கேட்டார்.

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் பிடி, நாற்காலிக் கால்களுக்கு அடியில் அழுக்கு போகவில்லை என்றார். குழாயை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.